ஆராய்ச்சிக்குப் போக நினைக்கிற பிள்ளை பட்டப்படிப்பை எங்கே படிப்பது?

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டு போனுக்கு ஓய்வு கிடையாது. நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனால் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பழைய மாணவர்களின் தம்பி தங்கைகள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள். "கட்-ஆஃப் 190 இருக்கு மேடம், இன்ஜினியரிங் கிடைச்சிடும். ஆனா பையன் பிஎச்.டி. வரைக்கும் படிக்கணும்னு சொல்றான். எங்க சேர்க்கலாம்?" போன வருடம் இந்தக் கேள்வி என் அக்கா மகளிடமிருந்தே வந்தது. "ஏன் சித்தி, நல்ல பேர் உள்ள காலேஜா பாத்து சேர்ந்துட்டா போதாதா?"

போதாது என்றேன். ஏன் என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு அவளுக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இயற்பியலை வைத்துச் சொல்கிறேன். கணிதத்துக்கும் வேதியியலுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

## மேலே இருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

கல்லூரியைப் பற்றி யோசிக்கும் முன்பு, நான்கைந்து வருடம் கழித்து விண்ணப்பத்தைப் பிரித்துப் படிக்கப் போகிறவர் எதைத் தேடுவார் என்று பார்க்க வேண்டும். அது நாட்டுக்கு நாடு வேறு.

இந்தியாவில் முதல் கதவு தேர்வு. பி.எஸ்சி. முடித்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர, அல்லது பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் நிறுவனம்) எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. சேர, ஜாம் தேர்வு. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஜெஸ்ட். மும்பையில் இருக்கும் டாடா ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆருக்குத் தனித் தேர்வு. எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட், அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இந்தத் தேர்வுகளின் விடைத்தாளில் கல்லூரிப் பெயருக்கு மார்க் கிடையாது. அடுத்து வரும் இன்டர்வியூவில் சாக்பீஸைக் கையில் கொடுத்து, "உனக்குப் பிடித்த பாடம் எது?" என்று கேட்பார்கள். சொன்ன பாடத்திலேயே தோண்டுவார்கள். அங்கே நிற்பது பாடத்தின் ஆழம் மட்டும்தான்.

அமெரிக்காவில் பொதுத் தேர்வுக்கு அவ்வளவு இடமில்லை. 2020க்குப் பிறகு ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தேர்வைப் பல துறைகள் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. அங்கே படிக்கப்படுவது மதிப்பெண் பட்டியல், செய்த ஆராய்ச்சி, நோக்க அறிக்கை, பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள். இளநிலைப் பட்டத்தோடு நேராக பிஎச்.டி.க்கு எடுப்பார்கள், அறிவியல் துறைகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவது வழக்கம். எம்.எஸ். என்பது வேறு. அதற்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வீட்டை அடமானம் வைக்கக் கிளம்பிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியில் பிஎச்.டி.க்கு முன் பொதுவாக எம்.எஸ்சி. வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. நம் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம்.

இவற்றிலிருந்து என் அளவுகோல்களை எடுத்தேன்:

1. பட்டம் எத்தனை ஆண்டு? பள்ளி 12, கல்லூரி 4, ஆக 16 ஆண்டுப் படிப்பு வேண்டும் என்று கேட்கும் இடங்கள் வெளிநாட்டில் நிறைய.
2. உங்களைத் தெரிந்து கடிதம் எழுத ஆள் கிடைப்பாரா?
3. பாடம் எவ்வளவு ஆழம் போகிறது?
4. அங்கே உங்களால் நல்ல மார்க் வாங்க முடியுமா?
5. மொத்தச் செலவு, கண்ணுக்குத் தெரியாததும் சேர்த்து.
6. இரண்டாம் வருடம் மனசு மாறினால் வெளியே வர வழி உண்டா?

## இரண்டாவது அளவுகோல் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக

இதில்தான் நம் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். நான் எம்.எஸ்சி. முடித்து வெளிநாட்டுக்கு விண்ணப்பித்த வருடம் கடிதம் கேட்டு ஒரு பேராசிரியரிடம் போனேன். "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். நல்ல மனிதர், என் மேல் அன்பும் உண்டு. வகுப்பில் எழுபது பேர். நான் யார், எதில் கெட்டிக்காரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானே என்னைப் புகழ்ந்து எழுதினேன். இரண்டாவது பேராசிரியரும் அதையே சொன்னார். ஆக மூன்றில் இரண்டு கடிதங்கள் ஒரே ஆளின் ஆங்கிலத்தில் போயின. படித்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. பிறகு இந்தியாவிலேயே தேர்வெழுதி பிஎச்.டி. முடித்தேன், அதில் குறை ஒன்றும் இல்லை.

கடிதப் படிவத்தில், "நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் முதல் ஐந்து சதவீதத்துக்குள் வருவாரா, பத்துக்குள்ளா?" என்ற மாதிரிக் கட்டங்கள் இருக்கும். அலுவலக மின்னஞ்சல் முகவரியும் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர்களிடம் இருப்பது ஜிமெயில் மட்டும்தான். சின்ன விஷயம் போலத் தெரியும், விண்ணப்பக் கெடு நெருங்கும் டிசம்பரில் அதுவே பெரிய தலைவலி ஆகும்.

அப்படியானால் சாதாரணக் கல்லூரியில் படித்தால் கதவு மூடிவிடுமா? இல்லை. 1928இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு சோமர்ஃபெல்ட் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் பேச வந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் (பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய வானியற்பியலாளர்) அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தேடிப் போய்ப் பேசினார். தான் படித்த குவாண்டம் கோட்பாடு பழசாகிவிட்டது என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. புதியதைப் படித்து ஒரு கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜில் இருந்த ஃபவுலர் என்ற இயற்பியலாளருக்கு அனுப்பினார்; 1929இல் அது வெளிவந்தது. 1930இல் அந்த ஃபவுலரிடமே மாணவராகப் போனார். சந்திரசேகர் மேதை, நாம் அப்படி இல்லை, சரி. ஆனால் தேடிப் போவதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை.

## வழி ஒன்று: ஊரிலோ பக்கத்திலோ உள்ள கல்லூரியில் பி.எஸ்சி.

மூன்று ஆண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்றும் இதுதான் வழக்கமான பட்டம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி. சேரலாம் என்று யு.ஜி.சி. 2022இல் விதி கொண்டுவந்தது. நம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு அது பயன்படாது. இந்தியாவுக்குள் இதனால் நஷ்டம் இல்லை, எம்.எஸ்சி. செய்துவிட்டுப் போகலாம். வெளிநாடு என்றால் மூன்று கூட்டல் இரண்டு, ஐந்தாண்டுக் கணக்காகிவிடும். அதை யாரும் குறைவு என்று சொல்ல மாட்டார்கள். பி.எஸ்சி.யோடு நேராகப் போவதும் நடக்காத காரியமில்லை. சிதம்பரத்தில் பிறந்து பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் 1971இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து நேராக அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்துக்கு பிஎச்.டி.க்குப் போனார். ஆனால் அந்தக் கதையை நம்பி இன்று விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பார்களா என்று ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் முதலில் பாருங்கள்.

ஒரே கல்லூரி, ஒரே பெயர், ஆனால் உள்ளே இரண்டு கல்லூரி இருக்கும். எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவில் கட்டணம் கொஞ்சம், ஆசிரியர்கள் நிரந்தரம். செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் கட்டணம் பல மடங்கு, ஆசிரியர்கள் வருடா வருடம் மாறலாம். மூன்றாம் வருடம் கடிதம் கேட்கப் போகும்போது உங்களுக்குப் பாடம் நடத்தியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சேரும்போது எந்தப் பிரிவு என்று கேட்காமல் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ப்பவர்கள்தான் அதிகம்.

பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். லக்ராஞ்சியன் இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகள் ஆகிய நான்கும் ஒரு முழு செமஸ்டர் வருகிறதா, அல்லது ஒவ்வொன்றும் ஒரு யூனிட்டோடு முடிகிறதா? பல இடங்களில் ஒரு யூனிட்தான். மீதியைத் தானே படித்தாக வேண்டும். ஜாம் எழுதுகிற பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள்.

இந்த வழியின் பெரிய பலம் கோடை விடுமுறை. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. டி.ஐ.எஃப்.ஆர்., பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம் போன்றவையும் இப்படி நடத்துகின்றன. கணிதம் படிப்பவர்களுக்கு 1993 முதல் எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாம் இருக்கிறது. இரண்டாம் வருடம் நவம்பரிலேயே இவற்றைத் தேட ஆரம்பிக்க வேண்டும். ஒரு கோடை, ஒரு விஞ்ஞானி, ஒரு உண்மையான கடிதம். கல்லூரிப் பெயர் செய்ய முடியாததை இது செய்யும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மார்க்கும் அடங்கிய அதிகாரப்பூர்வப் பட்டியல். இணைவுக் கல்லூரி என்றால் பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதன் தேர்வுப் பிரிவில் விண்ணப்பம் போட்டு, செலான் கட்டி, நாலு தடவை நடந்து வாங்க வேண்டும். என்னுடையது வர மூன்று மாதம் ஆயிற்று. தன்னாட்சிக் கல்லூரியில் இது கொஞ்சம் சுலபம், கல்லூரிக்குள்ளேயே முடியும்.

## வழி இரண்டு: ஐசர் வகை நிறுவனங்கள்

ஆராய்ச்சிக்குப் போவது உறுதி என்றால் என் முதல் வாக்கு இதற்குத்தான். ஐசர் என்பது மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். 2006இல் புனே, கொல்கத்தாவில் தொடங்கி இப்போது ஏழு ஐசர்கள். நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சி. நடத்துகிறவர்களே ஆராய்ச்சியாளர்கள், ஆகவே கடிதம் எழுதுகிறவர் உங்களை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவராக இருப்பார். ஆண்டுக் கணக்கும் எந்த நாட்டிலும் பொருந்தும். நுழைவுக்கு ஐ.ஏ.டி. தேர்வு: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியலில் தலா 15 கேள்விகள், மூன்று மணி நேரம். உயிரியல் படிக்காத பிள்ளைகள் அந்த 15 கேள்விகளைப் பார்த்துப் பயப்படுவார்கள். கையில் இருக்கும் மூன்று பாடத்தை ஒழுங்காக எழுதினாலே இடம் வாங்குகிறவர்கள் உண்டு.

ஐ.ஐ.எஸ்சி.யின் நான்காண்டு இளநிலைப் படிப்பும் புவனேஸ்வரத்தில் இருக்கும் நைசர் என்ற அறிவியல் நிறுவனமும் இதே இனம். நைசருக்கு நெஸ்ட் தேர்வு. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் தனி ரகம். பட்டம் மூன்றாண்டுதான், ஆனால் அங்கிருந்து நேராக வெளிநாட்டு பிஎச்.டி.க்குப் போகிறவர்கள் உண்டு. 16 ஆண்டு விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கே மறைந்திருக்கும் செலவு மார்க். பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளே வகுப்பு நிறைய உட்கார்ந்திருக்கும் இடம். முதல் வருடம் 6.5 சி.ஜி.பி.ஏ. வந்து அழுதுகொண்டு போன் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தமிழ் வழியில் படித்து வந்தால் முதல் இரண்டு செமஸ்டர் ஆங்கிலத்தோடும் போராட வேண்டும். அந்த மார்க் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். இன்னொன்று, ஆராய்ச்சி பிடிக்கவில்லை என்று பாதியில் தெரிந்தால் வெளியே வரும் கதவு குறுகல். வளாக வேலைவாய்ப்பை நம்பிச் சேர்கிற இடம் இது இல்லை. செலவு ஐந்தாண்டுக்கு லட்சக் கணக்கில் போகும். பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் உண்டு, அதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

## வழி மூன்று: மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.

திருவாரூர், புதுச்சேரி. மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும். ஐந்தாண்டு, கட்டணம் தாங்கும் அளவில், ஆசிரியர்கள் பிஎச்.டி. மாணவர்களை வைத்திருப்பவர்கள். ஐசரின் நெருக்கடி இல்லை, ஊர்க் கல்லூரியின் கூட்டமும் இல்லை. ஐசர் கிடைக்காதவர்கள் இதை ஏன் இவ்வளவு குறைவாக நினைக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. எச்சரிக்கை ஒன்றே: துறைக்குத் துறை தரம் மாறும், உங்கள் துறையில் எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

## வழி நான்கு: இன்ஜினியரிங் படித்துவிட்டுத் திரும்பி வருவது

"முதல்ல ஒரு பி.இ. கையில இருக்கட்டும், அப்புறம் ஆராய்ச்சி பண்ணட்டும்" என்பார் என் அத்தான். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்காண்டுப் பட்டம், 16 ஆண்டுக் கணக்கு சரி. டி.ஐ.எஃப்.ஆர். போன்ற இடங்கள் இயற்பியல் பிஎச்.டி.க்கு இன்ஜினியர்களையும் எடுக்கின்றன. மனசு மாறினால் வேலை இருக்கிறது. பொருளறிவியல், ஒளியியல், கருவியியல் போன்றவற்றில் ஆர்வம் என்றால் இது சுற்றுவழியே இல்லை, நேர்வழி.

ஆனால் கோட்பாட்டு இயற்பியல் வேண்டும் என்கிற பிள்ளைக்கு முதல் வருடத்தோடு இயற்பியல் முடிந்துவிடும். ஜெஸ்ட் பாடம் முழுவதையும் தனியாகப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏழாவது செமஸ்டரில் கையில் வேலை ஆர்டர் வரும். வீட்டில் தங்கை கல்யாணம் இருக்கும், கடன் இருக்கும். அந்த ஆர்டரை மடித்து வைத்துவிட்டு ஐந்து வருடம் உதவித்தொகையில் படிக்கப் போனவர்கள் எனக்குத் தெரிந்து மிகச் சிலர். யாரையும் குறை சொல்லவில்லை.

ஜே.இ.இ.யில் நல்ல ரேங்க் இருந்தால் நடுவழி ஒன்று உண்டு: ஐ.ஐ.டி. மெட்ராஸில் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ், அல்லது திருவனந்தபுரத்தில் இருக்கும் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.

## நோட்டில் போட்ட கட்டம்

| | ஊர்க் கல்லூரி பி.எஸ்சி. | ஐசர் வகை | மத்தியப் பல்கலை | இன்ஜினியரிங் |
|---|---|---|---|---|
| ஆண்டு | 3 (கூட்டல் 2) | பெரும்பாலும் 5 | 5 | 4 |
| கடிதம் | தேடிப் போனால் உண்டு | தானாக அமையும் | ஆசிரியரைப் பொறுத்து | ப்ராஜெக்ட் கைடு மட்டும் |
| பாட ஆழம் | பாதி நீங்களே | அதிகம் | நடுத்தரம் முதல் நன்று | இயற்பியலில் குறைவு |
| மார்க் | எளிது | கடினம் | நடுத்தரம் | கல்லூரியைப் பொறுத்து |
| செலவு | எய்டட் என்றால் மிகக் குறைவு | அதிகம், உதவித்தொகை உண்டு | நடுத்தரம் | அதிகம் |
| மனசு மாறினால் | மூன்றாண்டில் வெளியே | கஷ்டம் | கொஞ்சம் கஷ்டம் | சுலபம் |

## யாருக்கு எது?

ஆராய்ச்சி என்பதில் சந்தேகமே இல்லை, தோல்வி வந்தாலும் தாங்குவேன் என்கிற பிள்ளை ஐசருக்குப் போகட்டும். ஆர்வம் இருக்கிறது, ஆனால் இன்னும் முடிவாகவில்லை, பணமும் இழுபறி என்றால் எய்டட் பி.எஸ்சி.; மூன்று வருடத்தில் முடிவு தெரிந்துவிடும், செலவும் கையைக் கடிக்காது. வீட்டில் முதல் பட்டதாரி, சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் இன்ஜினியரிங்கைத் தயங்காமல் எடுக்கலாம், ஆராய்ச்சி நான்கு வருடம் காத்திருக்கும். லட்சங்கள் கட்டித் தனியார் நிகர்நிலைப் பல்கலையில் பி.எஸ்சி. சேர்வதற்கு மட்டும் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்தப் பணத்தில் அமெரிக்க விண்ணப்பங்களையே கட்டிவிடலாம். ஒன்றுக்கு 75 முதல் 125 டாலர் வரை ஆகும், எட்டு பத்து இடத்துக்காவது போட வேண்டும்.

எதில் சேர்வதாக இருந்தாலும் ஒரு நாள் அந்தத் துறைக்கு நேரில் போங்கள். போன மூன்று வருடத்தில் ஜாம் எழுதித் தேறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவரின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் அது பூட்டியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

என் அக்கா மகள் கதைக்கு வருகிறேன். இவ்வளவு பேசிய நான் அவள் விஷயத்தில் கோட்டை விட்டேன். அவள் எனக்கு போன் செய்தபோது ஐ.ஏ.டி. விண்ணப்பம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கியூட்டும் போடவில்லை. மதுரையில் எய்டட் பிரிவில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். பிளஸ் டூ முடித்த அடுத்த வருடமும் ஐ.ஏ.டி. எழுதலாம், ஆனால் மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருடம் போகும். ஜூனில் அதுதான் அவள் திட்டம். இப்போது பேச்சு மாறுகிறது. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு மேடம் சனிக்கிழமைகளில் சாவியைக் கொடுத்து, ஓரத்தில் கிடந்த பழைய ஆஸிலோஸ்கோப்பைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறாராம். "ஒரு சேனல் வேலை செய்யுது சித்தி" என்று போன வாரம் போட்டோ அனுப்பினாள். மார்ச்சில் விண்ணப்பம் திறக்கும்போது நிரப்புவாளா என்று தெரியாது. நிரப்பினால் கட்டணம் என் செலவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.